மல்லிகா அக்காவின் பால் நீலமான நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தவை, வரிசையாக:

1. சொம்பில் பால் ஊற்றி இரண்டு சொட்டு அயோடின் விட்டேன்.
2. பால் நீலமானது.
3. அதைப் படம் எடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.
4. எட்டு வீடுகள் மல்லிகா அக்காவிடம் பால் வாங்குவதை நிறுத்தின.
5. அதன் பிறகு சோதனையை ஒழுங்காகச் செய்தேன்.

ஐந்தாவது முதலில் வந்திருக்க வேண்டும். உயிர்வேதியியலில் முதுகலை முடித்தவள் நான். (சான்றிதழைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். கழற்றச் சொல்லியும் கேட்கவில்லை.)

மல்லிகா அக்கா ஐயம்பேட்டையிலிருந்து மொபெட்டில் பால் கொண்டு வருபவர். இரண்டு மாடுகள்தான் அவர் பிழைப்பு. பால் கொஞ்ச நாளாகக் கெட்டியாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. பாலில் புரதம் உண்டு, கொழுப்பு உண்டு, சர்க்கரை உண்டு. மாவுச்சத்து கிடையாது; அது செடிகளின் சேமிப்பு. அயோடினுக்கு நீலமானால் யாரோ மாவு கலந்திருக்கிறார்கள். குழுவில் இதையும் எழுதினேன்.

"படிச்ச பொண்ணு சொல்லுது, சும்மாவா?" என்று எதிர்வீட்டு மாமி பதில் போட்டார்.

நல்ல பால் எப்படி இருக்கும் என்றும் காட்ட நினைத்து, அதே சொம்பை அலசி, பாக்கெட் பாலை ஊற்றிச் சோதித்தேன். நீலம். வெறும் தண்ணீர் ஊற்றினேன். அதுவும் நீலம்.

அம்மா எட்டிப் பார்த்தார். "அந்த சொம்ப ஏன்மா எடுத்தே? அப்பா பாவு நூலுக்குப் போட அதுலதான் கஞ்சி மொண்டுக்கினு இருந்தாரே."

நெசவாளர் வீட்டில் பிறந்தவளுக்கு, சொம்பில் காய்ந்திருந்த அரிசிக் கஞ்சி கண்ணில் படவில்லை.

குழுவில் நான்கு பத்தி மன்னிப்பு எழுதினேன். ஒருவர் கட்டைவிரல் காட்டினார்.

மறுநாள் காலை மல்லிகா அக்கா வாசலில் நின்றார். கேன் நிறையப் பால் இருந்தது.

"தண்ணி ஊத்துனேன்னு சொல்லு பாப்பா, வெயில் காலத்துல கொஞ்சம் ஊத்தியிருக்கேன், ஒத்துக்கறேன். மாவு எதுக்குமா நான் போடப்போறேன்?"

"தப்பு என்னுதுக்கா. வாங்க, நானே வந்து சொல்றேன்."

எட்டு வாசலிலும் சொம்பைக் காட்டி விளக்கினேன். எதிர்வீட்டு மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நீ நல்ல பொண்ணுமா. அவ வந்து நின்னான்னு பாவப்பட்டு மாத்திப் பேசுற."

படம் பொய் சொல்லாது என்பது தெருவின் முடிவு. நான் சொல்வேன் என்பதும்.

இன்றும் நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் அப்பா தறியை நிறுத்தாமலே கேட்கிறார்: "வெறும் தண்ணிய பாத்தியாமா?" வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்தான்.

மல்லிகா அக்கா மாடுகளை விற்றுவிட்டார். இப்போது ஒரு பட்டுக் கடையில் பெருக்கும் வேலை. பேருந்தில் பார்த்தால் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் தருகிறார். எங்கள் தெருவில் எல்லோரும் பாக்கெட் பால் வாங்குகிறோம்.