வெள்ள எச்சரிக்கைக்கு அளவெடுத்தோம்

நெருப்புக்குப் பிறகு மனித குலம் கண்ட பெரிய சாதனை, எங்கள் அலுவலகத்தின் 'சரியளவுத் திட்டம்'. நடுவில் சக்கரம் என்று ஏதோ சொல்வார்கள். அது சில்லறை விஷயம்.

நகரத்தின் நாற்பது மென்பொருள்களும் எங்கள் சர்வர்களில்தான் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தேவைக்கு மேல் மெமரியைப் பிடித்துவைத்துக்கொண்டு காலை நீட்டிப் படுத்திருந்தது. எங்கள் இயக்குநருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு மேற்பார்வை மென்பொருளை வரவழைத்தார். அது யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பதினாலு நாள் உற்றுப் பார்க்கும். பதினைந்தாம் நாளிலிருந்து அளந்து போடும். கூடக் கேட்டால், இடம் இருந்தால் தரும். இல்லாவிட்டால் கேட்டவரையே நிறுத்திவிடும். இவ்வளவு நியாயவானை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

அந்தப் பதினாலு நாளும் சுள்ளென்று வெயில். ஆற்று வெள்ள எச்சரிக்கை மென்பொருள் அவ்வப்போது நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கியது. இருபதில் ஒரு பங்கு மெமரி போதும் என்று தீர்ப்பு வந்தது.

சர்வர்களைக் கவனிக்கும் பொறியாளர் அம்மா கூட்டத்தில் கையைத் தூக்கினார்.

"சார், மழை இல்லாதப்போ அது சும்மாதான் இருக்கும். வெள்ளம் வந்தா ஒரே நேரத்துல எட்டாயிரம் வீட்டுக்குப் போன் பண்ணணும்."

"சும்மா இருக்கறதுக்கு மெமரி எதுக்கும்மா?" என்றார் இயக்குநர்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்கக்கா வீடும் ஆத்தோரம்தானே சார்? நீங்களாவது சொல்லுங்க."

துணை இயக்குநரான நான் சொந்த விஷயத்தைக் கூட்டத்தில் பேசலாமா? 'உணர்ச்சிவசப்பட்ட கருத்து' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். அக்காவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்: "எங்க ஆபீஸ்லேர்ந்து போன் வராம வீட்டை விட்டுக் கிளம்பாதேக்கா. மாமாவையும் அலைக்கழிக்காதே." மாமா இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார்.

அடுத்து வந்தது 'சேமிப்புத் திரை'. எவ்வளவு மெமரி மிச்சமாகிறது என்று நொடிக்கு நொடி பச்சைக் கோடு போட்டுக் காட்டும். அதிகாரிகள் பன்னிரண்டு பேரும் காலையில் திறந்தால் வீட்டுக்குப் போகும்போதுதான் மூடுவோம். நாட்டிலேயே கடுமையாக உழைக்கும் மென்பொருள் இதுதான் என்று கண்ட மேற்பார்வை மென்பொருளார், மிச்சம் பிடித்ததையெல்லாம் இதற்கே அள்ளிக் கொடுத்தார். தான் தின்பதைத் திரை கணக்கில் காட்டாது. அவ்வளவு அடக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேற்கே கொட்டிய மழையில் ஆறு ஏறியது. எச்சரிக்கை மென்பொருள் விழித்துக்கொண்டு மெமரி கேட்டது. இடமில்லை, நிறுத்தப்பட்டது. எழுந்து மறுபடி கேட்டது. மறுபடி நிறுத்தப்பட்டது. அது விழும்போதெல்லாம் செலவு குறைந்து எங்கள் பச்சைக் கோடு ஒரு துள்ளு துள்ளியது.

பொறியாளர் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், அந்தத் திரையை நிறுத்தச் சொல்லுங்க. உங்க உத்தரவு இல்லாம என்னால முடியாது. நிறுத்தினா எச்சரிக்கைக்கு இடம் கிடைச்சிடும்."

"சேமிப்பு இலக்குல தொண்ணூத்தாறு சதவீதம் வந்திருக்கும்மா. நூறைப் பாத்துட்டு நிறுத்தறோம்," என்றார் இயக்குநர்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

ஒரு வீட்டுக்கும் ஏன் போன் போகவில்லை என்ற விசாரணை அறிக்கையை நான்தான் எழுதினேன். ஆறு தனக்கு ஒதுக்கப்பட்ட அளவை மீறிவிட்டது என்பதே அதன் முடிவு. இயக்குநருக்கு விருது கிடைத்தது.

அக்காவை மொட்டை மாடியிலிருந்து படகில் இறக்கினார்கள். மாமாவைத் தண்ணீர் வடிந்த பிறகு கட்டிலோடு எடுத்தார்கள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு தடவை தூக்கிட்டுப் போக வந்தாங்கடா," என்றாள் அக்கா. "உங்க மாமாதான், தம்பி ஆபீஸ்லேர்ந்து போன் வரட்டும்னு திருப்பி அனுப்பிட்டாரு."

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் பச்சைக் கோடு நூறைத் தொட்டது. முதலில் கை தட்டியவன் நான்.