துளசிராம் நினைவு அலமாரி

மதுரை, வண்டியூர் தெப்பக்குளம்.

அன்புத் தம்பி ரவிசங்கருக்கு, அண்ணன் துளசிராம் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி சூடாமணியும் பையன் ராம்கியும் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. நான் நலம் என்பதை இப்போதெல்லாம் பார்க்கிறவர்களிடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் செத்துப்போய்விட்டதாகத் தெப்பக்குளம் முழுக்கப் பேச்சு. கேள்விப்பட்டு சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். திருநகரில் இருக்கும் நீ மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வீட்டில் நாம் சௌராஷ்டிரம் பேசினாலும் கோபத்தை எழுதத் தமிழ்தான் வசதியாக இருக்கிறது, பொறுத்துக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு மூச்சிரைப்பு வந்தது உனக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை, உன் மகள் காவ்யஸ்ரீ கல்யாணத்திலிருந்து நாம்தான் பேசுவதில்லையே. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் தூசி சேர்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்டார். புத்தகம் என்றேன். வீட்டில் ஒன்று அது இருக்கலாம், இல்லாவிட்டால் நீங்கள் இருக்கலாம் என்றார். உன் அண்ணி யோசிக்கவே இல்லை, திரும்புகிற வழியிலேயே காலிச் சாக்கு வாங்கிவிட்டாள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை ராம்கி ஆட்டோவில் ஏற்றி, தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கிற சமுதாயக் கல்லூரியின் நூலகத்தில் இறக்கினான். அங்கே உதவியாளராக இருக்கும் பாண்டீஸ்வரி, யாருடைய புத்தகம் என்று கேட்டிருக்கிறாள். "எங்கப்பாவோடது. இனிமே அவருக்கு இதெல்லாம் தேவைப்படாதுக்கா" என்று சொல்லிவிட்டு, ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததால் ஓடிவந்துவிட்டான். அவள் அதற்கு மேல் என்ன நினைப்பாள்? நூலகர் அசோக்குமார் போனில் ராம்கியைக் கூப்பிட்டு, காட்சிக்கு வைக்க அப்பா படம் ஒன்று அனுப்பச் சொன்னார். இவனும் அனுப்பினான். ராம்கியின் பூணூலன்று எடுத்த படம். பக்கத்தில் நின்ற உன்னை வெட்டிவிட்டான், ஆனால் நீ என் தோளில் போட்டிருந்த கையின் விரல்கள் வெட்டுக்கு அகப்படவில்லை. படத்தில் அவை என் தோளைப் பிடித்தபடியே இருக்கின்றன. யாருடைய விரல் என்று தெரியாமல் கல்லூரிப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

என் புத்தகங்களை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் ஒரு நாள் மதியம் முகக்கவசம் மாட்டிக்கொண்டு போனேன். நல்ல நூலகம், குறை சொல்லக் கூடாது. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தனி மேசை, வரிசையாகக் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மெஷின், கண் தெரியாதவர்கள் காதில் மாட்டிக் கேட்க ஒலிப்புத்தகம், எல்லாம் இருக்கின்றன. வாசலில் "புதிய வரவுகள்" என்ற தட்டில், நம் அப்பா காலத்து அட்டை கிழிந்த நாவல்களை நிறுத்தியிருந்தார்கள். அதைத் தாண்டினால் நான். கண்ணாடிச் சட்டத்துக்குள், நெற்றியில் சந்தனமும் குங்குமமும், கழுத்தில் சந்தனச் சீவல் மாலை, தலைக்கு மேல் சின்னச் சிவப்பு பல்பு. கீழே "அமரர் துளசிராம் நினைவு அலமாரி". பக்கத்தில் நர்ஸிங் உதவியாளர் வகுப்புப் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள். "பாவம்டி, இம்புட்டையும் படிச்சே செத்துருக்காரு" என்றாள் ஒருத்தி. மற்றவள் என் புத்தகம் ஒன்றைப் புரட்டி, உள்ளே நான் பென்சிலில் கோடு போட்டிருந்ததைத் தடவிப் பார்த்தாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இறந்த பிறகு எப்படி இருக்கும் என்று எல்லோரும் யோசிப்பார்கள், நான் பார்த்தேவிட்டேன். ஃபேன் ஓடுகிறது. யாரோ ஜெராக்ஸுக்குச் சில்லறை கேட்கிறார்கள். மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பையன் என் அலமாரிமேல் சாய்ந்துகொண்டு போன் பார்க்கிறான். வேறொன்றும் இல்லை.

முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பாண்டீஸ்வரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மேசையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு திரும்பியதும், "நான் என்னத்தக் கண்டேன் சார்? இங்கன வீட்டுப் புத்தகம் மூட்டை மூட்டையா வர்றதே ஆளு போனதுக்கப்புறந்தான். உசுரோட இருக்கையில யாரு சார் குடுக்கா?" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். நூலகரிடம் போனேன். அவர் எழுந்து நின்று வணங்கினார், ஆனால் படத்தைக் கழற்றமாட்டேன் என்றார். "சார், கோவிச்சுக்காதீங்க. ஆய்வுக் குழு வாராங்க. நினைவு அலமாரின்னு ஒண்ணு இருந்தா நமக்கு நல்ல பேரு. நீங்க வந்தப்புறந்தான் பசங்களே இந்தப் பக்கம் எட்டிப் பாக்குறாங்க. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் பொறுத்துக்கங்க, அப்புறம் அமரரை எடுத்துர்றேன்." எதை எடுக்கிறேன் என்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் யாரோ அலமாரியைப் படம் எடுத்து, அது தெருவின் வாட்ஸப் குழுவில் வந்து, அங்கிருந்து நம் சொந்தக்காரர் குழுவுக்கும் போய்விட்டது. அடுத்த நாள் காலையிலேயே வாசலில் அழுகுரல். உன் அண்ணி தலையில் பூவோடு கதவைத் திறந்தாள். கட்டிப்பிடித்து அழக் கையை விரித்து வந்த முனிச்சாலை அத்தை அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் நான் காப்பித் தம்ளரோடு வந்ததும் அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், பஸ் பிடித்து, சாப்பிடாமல் வந்திருக்கிறாளாம், இதெல்லாம் விளையாடுகிற விஷயமா என்று கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். உயிரோடிருப்பதற்கு மன்னிப்பு! மதியம் என்னோடு வேலை பார்த்த பேயாண்டி ஆள் உயரத்துக்கு ரோஜா மாலையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார், ஆனால் மாலையைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. "பூக்கடையில திருப்பி வாங்க மாட்டாங்க அண்ணே. குனிங்க, போட்டுட்டுப் போறேன். பிற்பாடு வரணும்னா முட்டி வலி, மாடி ஏற முடியாது" என்றார். குனிந்தேன், போட்டார். கும்பிட்டுவிட்டுப் போனார். சூடாமணி உள்ளே போய் அழுதாள், நான் மாலையைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு தடவை கேட் சத்தம் கேட்கும்போதும் நீதான் என்று நினைத்தேன், ரவி. இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். நீ வரவில்லை. அந்தப் படம் குழுவில் வந்ததும் நீ குழுவை விட்டே விலகிவிட்டாய் என்று ராம்கி போனில் காட்டினான். அண்ணன் செத்த செய்தி வந்த இடத்தில் இருக்கக்கூட உனக்குப் பிடிக்கவில்லையா? காவ்யஸ்ரீ கல்யாணத்துக்கு நீ தாம்பூலத் தட்டோடு வீடு வந்து அழைக்கவில்லை, போனில் பத்திரிகைப் படத்தைத் தட்டிவிட்டாய், அதனால் நான் வரவில்லை. அதில் நியாயம் என் பக்கம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் துக்கத்துக்கு யாரடா தட்டு வைத்து அழைப்பார்கள்? நான் எழுந்து வந்து உனக்கு வெற்றிலை பாக்கு தர முடியுமா?

ஆகவே ராம்கியிடம் சொல்லிவிட்டேன். நிஜமாகவே நான் போகும்போது உனக்குச் சொல்லக் கூடாது, நீயாக வந்தாலும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். இதுவே உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம். காவ்யஸ்ரீக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. உன் வீட்டில் உள்ளவர்களையும் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
துளசிராம்.

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டு நூலகத்துக்குப் போனேன். பாண்டீஸ்வரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உங்க தம்பிட்ட எப்பத்தான் சொல்லப் போறீக?" என்றாள். எந்தத் தம்பி என்றேன். "திருநகர்லருந்து வாராருல்ல, அவருதான். காலையில நான் கதவத் திறக்கையிலயே வாசல்ல நிப்பாரு. உங்க படத்துக்கு நேரா சேரை இழுத்துப் போட்டுக்கிட்டு, உங்க புத்தகத்தை ஒண்ணொண்ணா எடுத்து வாசிக்கிறாரு. நீங்க கோடு போட்ட இடம் வந்தா கண்ணாடியக் கழத்தித் தொடைக்கிறாரு. வீட்டுக்குப் போங்க சார்ன்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அண்ணி முன்னால போய் நிக்கிறதும்மான்னாரு. குழுவுல ஆளாளுக்குப் பூப்படம் போட்டுட்டு அதுக்குக் கீழயே சமையல் வீடியோவும் போடுறாக, பாக்கத் தாங்காம வெளிய வந்துட்டேன்னாரு. உண்மையச் சொல்ல வாயெடுத்தேன் சார், ஆய்வு முடியுற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு எங்க சார் சொல்லிட்டாரு." நான் மதியம் போகிறவன், நீ காலையில் வருகிறவன். அதனால்தான் உன்னைப் பார்க்கவில்லை.

மேலே எழுதிய எதுவும் செல்லாது. கல்யாண விஷயம் மட்டும் செல்லும், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நீ பாதியில் விட்டிருக்கும் புத்தகத்தில், திருநகர் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருக்கும் பக்கத்திலேயே இதை வைக்கச் சொல்லியிருக்கிறேன். இதுவரை படித்துவிட்டாய் அல்லவா? ரவி, உன் பின்னால் இருமுவது நான்தான். மெதுவாகத் திரும்பு. அலறிவிடாதே, இங்கே படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.