சரி, மச்சான்

"அத்தான், இந்த அடுப்பைச் சுவரை விட்டுத் தள்ளி வைக்கணும்" என்றார் மச்சான்.

ரொட்டிக்காரர் மாவுக் கையோடு திரும்பிப் பார்த்தார். அவருடைய கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த அடுப்பு அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆளுயர இரும்புப் பூதம். அதை நகர்த்துவதைவிடக் கடையை நகர்த்திவிடலாம். அவர் வாயில் இரண்டு பதில்கள் வந்து நின்றன. ஒன்று, 'முடியாது'. இன்னொன்றை அச்சில் ஏற்ற முடியாது.

இரண்டையும் விழுங்கிவிட்டு, "சரி, மச்சான்" என்றார்.

மச்சான் ஒரு நிமிஷம் அவரை உற்றுப் பார்த்தார். "நிஜமாவா? தள்ளிடலாமா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மச்சான் பெருமூச்சு விட்டபடி சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

மச்சான் என்பது மனைவியின் தம்பி. தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலத்தில் ஒருநாள் சீருடையும் தொப்பியுமாக வந்து, வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போதே கடைக் கதவில் 'ஆபத்தான இடம்' என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். ரொட்டிக்காரர் தெருவில் இறங்கி, அந்தத் தொப்பியைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார். அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது. வீட்டு விசேஷங்களில் இவர் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. "தம்பியைச் சாப்பிடச் சொல்லு", "அத்தானுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்று இருவரும் நடுவில் நின்ற அந்த ஒரு பெண்ணை வைத்தே பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பெண்தான் போன மாதம் இதய ஆபரேஷனுக்குப் படுத்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரே ஒரு பெஞ்சு. அதன் இந்தக் கோடியில் ரொட்டிக்காரர், அந்தக் கோடியில் மச்சான். டாக்டர் வெளியே வந்து, "கொஞ்சம் சிக்கலாத்தான் இருக்கு. வேண்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ரொட்டிக்காரர் கண்ணை மூடினார். எதைக் காணிக்கையாகக் கொடுப்பது? இனிப்பை விடுகிறேன் என்றால் கடவுள் சிரிப்பார். டாக்டரே அதை எப்போதோ விடச் சொல்லியாயிற்று. மீசையை எடுக்கிறேன் என்றால் அது தானே வளர்ந்துவிடும். கஷ்டமானதாக, உயிர் போகிற மாதிரி ஏதாவது கொடுத்தால்தானே மதிப்பு? கண்ணைத் திறந்து பெஞ்சின் மறுகோடியைப் பார்த்தார். மச்சான் கண்ணை மூடித் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். 'அக்கா உள்ள கிடக்கா, இந்த மனுஷனுக்கு எப்படித்தான் தூக்கம் வருதோ!' என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கணத்தில் வேண்டுதலும் வந்துவிட்டது.

'கடவுளே, அவளை எனக்குத் திருப்பிக் குடுத்துடு. இவன் என்ன சொன்னாலும் இனிமே சரின்னு சொல்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.'

அவள் பிழைத்து வந்தாள். வீட்டுக்கு வந்த மறுநாளே மச்சானும் கடைக்கு வந்தார். "அத்தான், இனிமே தினமும் நான் வந்து கூடமாட ஒத்தாசை பண்றேன்" என்றார். ரொட்டிக்காரர் 'வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் கடைக்கு மேலே, மாடி வீட்டில் மனைவி யாரையோ கூப்பிட்டு ஜன்னலைத் துடைக்கவில்லை என்று திட்டுவது காதில் விழுந்தது. அந்தக் குரல் இருக்கிறதே, அது போதும். சரி என்றார்.

அடுப்பு நகர்ந்தது. ஆனால் இப்போது வாசல் காற்று நேராக அதன் மேல் அடித்தது. ரொட்டிகள் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெளுத்து வெளியே வந்தன. காற்றைத் தடுக்க ரொட்டிக்காரர் வாசல் கதவைச் சாத்தினார். மச்சான் உடனே ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

"அவசரத்துக்கு ஜனங்க வெளிய ஓடறதுக்கு வழி வேணும் அத்தான். கதவு திறந்தே இருக்கட்டும்."

"சரி, மச்சான்."

குளிர்காற்றில் மாவு பொங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அன்றைய பன்கள், கீழே போட்டால் துள்ளித் திரும்பி வரும் பதத்தில் இருந்தன.

மச்சான் வருவதற்கு முன்னாலேயே வேலையை முடித்துவிடலாம் என்று ரொட்டிக்காரர் இன்னும் சீக்கிரமாக எழுந்து பார்த்தார். இரண்டாம் நாளே மச்சானும் சீக்கிரமாக வந்து வாசலில் நின்றார். கண் இடுங்கியிருந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே, "என்னை விட்டுட்டு ஆரம்பிச்சிட்டீங்களே அத்தான்" என்றார்.

அடுப்புப் பக்கம் வராமலிருக்கட்டும் என்று அவரைக் கல்லாவில் உட்கார வைத்தார். அது அதைவிட மோசமாகப் போயிற்று. பிறந்தநாள் கேக் வாங்க வந்த ஓர் அம்மா மெழுகுவர்த்தியும் கேட்டாள்.

"மெழுகுவர்த்தியா? உங்க வீட்ல திரைச்சீலை இருக்கா?" என்றார் மச்சான்.

"இருக்குங்க."

"குழந்தைங்க இருக்காங்களா?"

"குழந்தைக்குத்தானே பிறந்தநாள்!"

"அப்ப வேண்டாம்மா. நான் எத்தனை வீட்டை அணைச்சிருக்கேன் தெரியுமா?" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு வீடாக எரித்துக் காட்டினார். அந்த அம்மா கேக்கையும் அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பின்னால் நின்ற வரிசையும் கூடவே போயிற்று.

"இனிமே கடையில மெழுகுவர்த்தி விக்க வேண்டாம், என்ன அத்தான்?" என்று மச்சான் கேட்டார். கேட்டுவிட்டு, எதையோ எதிர்பார்ப்பவர் போல ரொட்டிக்காரரின் முகத்தையே பார்த்தார்.

"சரி, மச்சான்."

மச்சான் முகம் தொங்கிப்போயிற்று.

மனைவி மெல்லப் படியிறங்கிக் கடைக்கு வர ஆரம்பித்திருந்தாள். மாவு மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

"என்னங்க, இவன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறீங்க? உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லு மாதிரி இருக்கறது உங்க பன்னுதான்" என்று அவள் சிரித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடை பாழாய்ப் போனாலும் பரவாயில்லை, இந்தச் சிரிப்பு வீட்டில் இருக்கிறது என்று ரொட்டிக்காரர் நினைத்துக்கொண்டார். தினமும் அடுப்பைப் பற்றவைக்கும்போது மாடியைப் பார்த்து ஒருமுறை நன்றி சொல்வது அவருக்கு வழக்கமாகியிருந்தது.

ஆனாலும் கடை பாழாய்த்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ரொட்டி ஏற்ற வந்த வண்டிக்காரரைத் தனியாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். வண்டிக்காரர் உலகத்தில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவர்.

"கடவுள் எது வேணா செய்வார் இல்லையா?" என்றார் ரொட்டிக்காரர்.

"செய்வார்."

"அவருக்கே இஷ்டமில்லாததைச் செய்வாரா?"

வண்டிக்காரர் தட்டைக் கீழே வைத்தார். "எனக்கு இந்த வண்டி ஓட்ட இஷ்டமில்லை முதலாளி. ஆனா ஓட்டறேன். வீட்ல அடுப்பு எரியணுமே! அவருக்கு என்ன தலையெழுத்து? இஷ்டமில்லாததை அவர் ஏன் செய்யணும்? யார் அவரை அதட்ட முடியும்?"

"அப்ப, என் வீட்டுக்காரி பிழைக்கணும்னு அவர் முதல்லயே நினைச்சிருந்தா?"

"நீங்க வேண்டாமலே பிழைச்சிருப்பாங்க."

"எடுத்துக்கணும்னு நினைச்சிருந்தா?"

"நீங்க தலைகீழா நின்னிருந்தாலும் நடந்திருக்காது."

"அப்ப நான் எதுக்குய்யா தினமும் சரி சரின்னு செத்துக்கிட்டிருக்கேன்?"

"அப்படின்னா நிறுத்திடுங்க."

ரொட்டிக்காரர் யோசித்தார். மாடியில் மனைவி நடக்கும் சத்தம் கேட்டது. இந்த வாரம் அவளுக்குக் கடைசிப் பரிசோதனை. டாக்டர் 'இனி பயமில்லை' என்று சொல்ல வேண்டும்.

"நிறுத்திப் பாக்கற விஷயமாய்யா இது?" என்றார் பரிதாபமாக. "சரி, இல்லைன்னு சொல்லாம, 'யோசிப்போம்'னு சொன்னா?"

"யோசிப்போம்னா இல்லைன்னுதான் அர்த்தம். எனக்கே தெரியுது, அவருக்குத் தெரியாதா?"

ரொட்டிக்காரர் கடைக்குள் போனார். உள்ளே மச்சான் ஏணியில் நின்று கூரையை அளந்துகொண்டிருந்தார்.

"அத்தான், அடுப்புக்கு நேர் மேல ஒரு தண்ணிக் குழாய் வைக்கப் போறேன். சூடு பட்டதும் தானா திறந்து கொட்டும். அடுப்புக்கு நேர் மேல! புரியுதா?"

"அடுப்புன்னா சூடு இருக்குமே மச்சான்" என்றார் ரொட்டிக்காரர் ஈனஸ்வரத்தில். இது எதிர்ப்பேச்சு ஆகாது, வெறும் தகவல்தான் என்று கடவுளுக்கு மனத்துக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டார்.

"ஆமா, இருக்கும். வைக்கட்டுமா?"

ரொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "சரி, மச்சான்."

மேலே ஏணி ஆடியது. மச்சான்தான் ஆடினார்.

பரிசோதனை நாள் வந்தது. முந்தின இரவுதான் மச்சான் குழாயைப் பொருத்தி முடித்திருந்தார். மனைவியைப் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும் மற்றவர்களுக்கும் நன்றியாகக் கொண்டுபோக வேண்டுமென்று ரொட்டிக்காரர் விடியற்காலையில் எழுந்தார். நல்ல வெண்ணெயாகப் பார்த்துப் பிசைந்து பன் போட்டார். முதல் தட்டு அதிசயமாகப் பொன்னிறத்தில் வந்தது. அதை ஆஸ்பத்திரிக்கென்று தன் வண்டியில் வைக்க வண்டிக்காரர் எடுத்துக்கொண்டு போனதும், மீதித் தட்டுகளை எடுக்க அடுப்புக் கதவை முழுக்கத் திறந்தார். குப்பென்று சூடு மேலே போயிற்று.

குழாய் தன் கடமையைச் செய்தது. பன், மாவு, வெண்ணெய், ரொட்டிக்காரர், மச்சான் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. அடுப்பு ஒருமுறை சீறிவிட்டு அணைந்தது. தரையெல்லாம் மாவுக் கூழ்.

ரொட்டிக்காரர் மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட நின்றார். இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் ஒட்டுமொத்தமாகத் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தார். மேலே மாடியில் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டு ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

"சரி, மச்சான்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "நல்லா வேலை செய்யுது."

மச்சான் ஈர மாவில் தொப்பென்று உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும் அத்தான். ஒரே ஒரு தடவை 'வேண்டாம், போ'ன்னு சொல்லித் தொலைங்களேன்! தீயணைப்புல இருந்தவன் அடுப்புக்கு மேல தண்ணிக் குழாய் வைப்பானா? எனக்கென்ன பைத்தியமா? இதுக்குக் கூடவா உங்களுக்குக் கோபம் வரலை?"

"என்னப்பா சொல்றே?"

"அன்னிக்கு அந்தப் பெஞ்சுல உக்காந்து வேண்டிக்கிட்டேன். 'அக்கா பிழைச்சா, அத்தான் போதும்னு துரத்தற வரைக்கும் அவர் கடையில போய் வேலை செய்யறேன்'னு. உங்க குணம் தெரிஞ்சுதானே அப்படி வேண்டினேன்! அரை நாள்ல கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா சரி, சரின்னு... எனக்கு முட்டி வலி அத்தான். நான் தூங்கி எத்தனை நாளாச்சு!"

"நீ அன்னிக்குத் தூங்கலையா?"

"தூங்கறதா? அக்கா உள்ள இருக்கும்போதா?"

ரொட்டிக்காரர் அவர் பக்கத்தில் மாவிலேயே உட்கார்ந்து, தன் வேண்டுதலைச் சொன்னார். மச்சான் வாயைப் பிளந்து கேட்டார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நீங்க போகச் சொல்ல முடியாது."

"நானாச் சொல்லாம நீ போக முடியாது."

"அப்படின்னா சாகற வரைக்கும் இப்படித்தானா?" என்றார் மச்சான்.

முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. வண்டிக்காரர் திரும்பி வந்து பார்த்தபோது, இரண்டு பேரும் கூழில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படியில் மனைவி நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல், "தலையைத் துவட்டிட்டுக் கிளம்புங்க ரெண்டு பேரும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "இனி பயமே இல்லை" என்றார். ரொட்டிக்காரர் வெளியே வந்து அதே பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். மச்சானும் உட்கார்ந்தார். இந்தத் தடவை இரண்டு கோடிகளும் காலியாக இருந்தன. மனைவி உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தாள். தப்பித்த ஒரு தட்டு பன்னை அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் இருந்த நர்ஸிடம் நீட்டிய ரொட்டிக்காரர், மனசு தாங்காமல் இரண்டு வேண்டுதல்களையும் அவளிடம் கொட்டிவிட்டார்.

"கடவுளுக்கே இஷ்டமில்லாததை நாங்க ரெண்டு பேரும் கட்டாயப்படுத்தி வாங்கிட்டோமோன்னு பயமா இருக்கும்மா. எது எப்படியோ, எங்க வேண்டுதல்ல ஏதோ ஒண்ணு பலிச்சிடுச்சு."

நர்ஸ் பன்னைக் கடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

"உங்க வேண்டுதலா? மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியே அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு வாய்விட்டு வேண்டிக்கிட்டாங்களே! 'பிழைக்க வைன்னு கேக்கலை கடவுளே, அவங்க ரெண்டு பேரும் சண்டை போடாம ஒண்ணா நிக்கறதை மட்டும் நான் என் கண்ணால பார்க்கணும்'னு."