அம்புக்குறி போட்ட வீடு

எனக்கு ஒரு யோசனை வந்தால் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான் என்று இன்று நானே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது எங்கள் வீடு திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது. தெருவிலிருந்து வாசலுக்குப் பதினான்கு படிகள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபிறகு நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடப்பார். படி மட்டும் இறங்க முடியாது. இரண்டு வருடமாக அவர் தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். (ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.) சித்தூரில் படியே இல்லாத ஒரு வீடு அமைந்தது. அந்த வீட்டுக்காரர் புரட்டாசி முடியும்வரைதான் காத்திருப்பேன் என்றுவிட்டார். அதற்குள் இதை விற்றாக வேண்டும்.

பார்க்க வந்தவர்கள் கேட்டைத் தாண்டவில்லை. "வெளிய பாத்தா பேய் வீடு மாதிரி கீதே" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்போதுதான் யோசனை வந்தது.

சுவருக்குச் சந்தனக் கலர், படிகளுக்குச் சிவப்பு பெயின்ட், கைப்பிடி நெடுக சீரியல் லைட். "இதோட நிறுத்துங்க" என்றாள் என் மனைவி ரேவதி. நிறுத்தினேனா? பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவர், ஞாயிறு பத்து மணிக்கு வீடு பார்க்க வருவதாகப் போன் செய்தார். குடியிருக்கத்தான் கேட்டார். வழி தவறிவிடுவாரே என்று ஒரு ஃபிளெக்ஸ் போர்டு அடித்து, அன்று காலை ஆறு மணிக்கே சந்து முனையில் கட்டினேன். மேலே 'வருக வருக', கீழே அதையே தெலுங்கில் 'சுஸ்வாகதம்', நடுவில் வீட்டின் போட்டோ, ஆள் உயரத்துக்கு ஒரு அம்புக்குறி. 'விற்பனைக்கு' என்று போடவில்லை. (கண்ணு பட்டுடும் பாருங்கள்.) கடைக்காரர் நான் கேட்காமலேயே மூலையில் பெருமாள் படத்தையும் சேர்த்திருந்தார். எங்கள் ஊரில் அவர் இல்லாமல் போர்டே கிடையாது.

இப்படி ஒரு போர்டைப் புரட்டாசியில், திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்தால் என்ன ஆகும் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் எம்.காம். படித்தவன், எனக்குத் தெரியவில்லை.

கேட்டில் கட்டச் சாமந்தி மாலை வாங்கிக்கொண்டு நானும் ரேவதியும் திரும்பியபோது, புதுச் சுவர் முழுக்க ஈர மஞ்சள் வேட்டிகள் தொங்கின. சாயம் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. வடமாலபேட்டை வழியாக நடந்தே வந்த பாதயாத்திரைக்காரர்கள், பதினொரு பேர். பாதிப் பேர் படியில் கால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் ஹாலில், நைனாவைச் சுற்றி.

"யாரு நைனா இவங்கள உள்ள வுட்டது?"

"நான்தான்டா. ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தேன். ரூமு கீதான்னு கேட்டாங்க. மேல வாங்கன்னேன்."

"வீடு பாக்க ஆளு வர்ற நேரத்துலயா?"

"வரட்டும்டா. ரெண்டு வருசத்துல என்னாண்ட உக்காந்து பேசனது இவங்கதான்."

ரேவதி மாலையை என் கையில் திணித்துவிட்டு, ரவை வறுக்கப் போனாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. பயம் மட்டும் போகவில்லை.

பத்து மணிக்கு வியாபாரி வந்தார். கேட்டில் வேட்டி பிழிந்துகொண்டிருந்த அம்மாள், "வேற எங்கனா பாருங்கய்யா, இங்க எடம் இல்ல" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவரும் நல்ல பிள்ளையாகத் திரும்பி நடந்தார். "சார், சார்" என்று நான் பாய்ந்து இறங்க, பெயின்ட் காயாத கடைசிப் படி என்னை வாரிவிட்டது. நேராக அவர் காலடியில் போய் விழுந்தேன். படியில் இருந்தவர்கள் ஒரே குரலில் கோவிந்தா போட்டார்கள்.

"ஏம் பாபு, இது வீடா, லாட்ஜா?"

"வீடுதான் சார். போர்டு உங்களுக்காக வெச்சேன்."

"எப்ப வெச்சே?"

"காலைல ஆறு மணிக்கு."

அவர் ஒவ்வொரு தலையாக எண்ணினார். பிறகு கூட்டத்தில் வயதானவரிடம், "இத்தன படி ஏற கஷ்டமா இல்லியா?" என்று கேட்டார்.

"ஏழு மல ஏறப் போறோம் சாமி. இதெல்லாம் ஒரு படியா?"

அதன்பிறகு அவர் வீட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. உப்புமா சாப்பிட்டு முடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. குடியிருக்கக் கேட்டவர் லாட்ஜ் நடத்தவே வாங்கிவிட்டார். மஞ்சள் கறையைப் பற்றி மூச்சு விடவில்லை.

கிளம்பும்போது அந்த வயதானவர், "பெருசு, தெருவுக்கு வர்றியா?" என்றார். நைனா பதில் சொல்லுமுன் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். சந்து முனையில் அரை மணி நேரம், போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். (திரும்ப மேலே ஏற்றிவிட்டதும் அவர்கள்தான்.) நடந்து நடந்து கொப்புளம் போட்ட கால்களோடு அதைச் செய்தார்கள். நான் ஒருத்தர் பேரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

சித்தூருக்கு வந்த வாரமே நைனா டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்லி, தெரு முழுக்கத் 'திருப்பதி லாட்ஜ்காரர்' ஆகிவிட்டார். நான் லாட்ஜ்காரர் பையன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சொந்தக்காரர்களே ரூம் சாவியை என்னிடம்தான் கேட்கிறார்கள், சிரிக்காமல். நைனா யாரையும் திருத்துவதில்லை. காலையில் வாக்கரோடு போனால் மத்தியானச் சோற்றுக்கு நான்தான் தேடிப்பிடித்துக் கூட்டி வர வேண்டும். அவரைப் பார்க்க யாராவது வந்தால், "நைனா வெளிய போயிருக்காரு" என்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தாலும் இதைச் சொல்ல எனக்கு அலுப்பதே இல்லை.