மஞ்சள் ஹெல்மெட்டும் மேட்ரிக்ஸும்

கணிதத் தேர்வுக்கு இரண்டு விதமாகத் தயாராகலாம். பாடத்தைப் படிக்கலாம், முடியாவிட்டால் தேர்வு விதிமுறைகளைப் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

ஒரகடம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். முதல் இன்டர்னலில் ஐம்பதுக்கு நான்கு மதிப்பெண். (அதிலும் இரண்டு, கேள்வியை அழகாகத் திருப்பி எழுதியதற்கு.) மிட்டெர்மிலும் கோட்டைவிட்டால் செமஸ்டர் எழுத விடமாட்டோம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலையில் வெல்டராக இருக்கும் அப்பா, நான் ஏதோ காகிதத்தை வைத்துக்கொண்டு முணுமுணுப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"இன்னாம்மா, கணக்கா படிச்சிகினு கீற?"

"ரூல்ஸுப்பா. அரை மணி நேரம் லேட்டானா உள்ள விடமாட்டாங்க. ரப்பர் கடன் கேக்கக்கூடாது. போன் எடுத்தாரக் கூடாது."

"கணக்கு எப்போ படிப்ப?"

"பஸ்ல."

தேர்வன்று விதிப்படி போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, வடக்குப்பட்டிலிருந்து கிளம்பி ஒரகடம் சந்திப்பில் நின்றேன். மஞ்சள் காலேஜ் பஸ் பழுது, இன்று வெள்ளை பஸ் வரும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எங்கள் சாலையில் காலை வேளையில் வரும் கம்பெனி பஸ்களும் பெரும்பாலும் வெள்ளைதான் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். முதலில் நின்ற வெள்ளை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கேலி-ஹாமில்டன் தேற்றத்துக்குள் தலையை விட்டேன்.

தலையைத் தூக்கியபோது என் தலையில் ஹெல்மெட் இருந்தது.

நிஜமாகத்தான். பஸ் ஒரு தொழிற்சாலை கேட்டுக்குள் நின்றிருந்தது. புதிதாகச் சேர வந்தவர்களோடு நானும் புத்தகத்தைப் பார்த்தபடியே இறங்கி வரிசையில் நகர்ந்திருக்கிறேன். செக்யூரிட்டி அண்ணன் எல்லோருக்கும் மாட்டியதுபோல எனக்கும் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கொடுத்து, மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டி, தாடைப் பட்டையை இறுக்கிவிட்டார்.

"அண்ணா, நான் காலேஜ்! எனக்கு எக்ஸாம் கீது!"

"மொத நாளு எல்லாரும் இப்டித்தாம்மா பயந்துகினு ஓடப் பாப்பாங்க. போய் உள்ள குந்து. வெளிய போணும்னா எச்.ஆர். மேடம் கையெழுத்து போட்ட பாஸ் வேணும். மேடம் இன்னும் வர்ல."

பாதுகாப்புப் பயிற்சி அறையில் உட்கார வைத்தார்கள். அழுகை வந்தது. பக்கத்தில் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்திருந்த பெண் என் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

"எக்கா, கேலி ஹாமில்டன்னா யாரு? சூப்பர்வைசரா?"

"இல்லம்மா, இது கணக்கு." அழுகையை அடக்க வேண்டுமே என்று விளக்க ஆரம்பித்தேன். "ஒரு மேட்ரிக்ஸ்லேர்ந்து ஒரு சமன்பாடு வரும். அந்தச் சமன்பாட்டுக்கு அந்த மேட்ரிக்ஸே கட்டுப்படணும். கம்பெனி போட்ட ரூலைக் கம்பெனியே கேக்குற மாதிரி."

"அதெல்லாம் எந்தக் கம்பெனிக்கா கேக்கும்?"

"மேட்ரிக்ஸ் கேக்கும்!" என்று வீறாப்பாக அவள் குறிப்பேட்டில் ஒரு கணக்கைப் போட்டேன். கடைசி வரியில் எல்லாம் பூஜ்ஜியமாக வந்து நின்றது. இரண்டு பேரும் கைதட்டினோம். வகுப்பில் வாரக்கணக்கில் உட்கார்ந்தும் ஏறாதது ஹெல்மெட்டைத் தாண்டி மண்டைக்குள் ஏறிவிட்டது.

ஒருவழியாக மேடம் வந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்து, செக்யூரிட்டி ஜீப்பிலேயே அனுப்பிவைத்தார். வழியெல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தேன். பட்டையின் கொக்கி சிக்கிக்கொண்டு அசையவே இல்லை.

கதவை மூடப் போகிற நேரத்தில் தேர்வறைக்குள் பாய்ந்தேன். மேற்பார்வைக்கு நின்ற சார் நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபேன் ரிப்பேரா? கடைசி ரூம்மா."

"சார், மேத்ஸ் எழுத வந்தேன்."

அறையே குலுங்கிச் சிரித்தது. சாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ஹெல்மெட்ட கழட்டு."

"கழல மாட்டேங்குது சார்."

அவரும் இழுத்துப் பார்த்தார். என் கழுத்துதான் நீண்டது. உள்ளே துண்டுச்சீட்டு இருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தார், மேலே தட்டிப் பார்த்தார். "இதப் போட்டுகினு எழுத முடியாது. வெளிய போ."

அப்போதுதான் என் தயாரிப்பு கைகொடுத்தது. "சார், ரூல்ஸ்ல ஹெல்மெட் கூடாதுன்னு எங்கயும் இல்ல. தொப்பி கூடாதுன்னுகூட இல்ல. நேரத்துக்கு வந்துட்டேன், ஐடி கார்டு கீது, போன் இல்ல."

சார் விதிமுறைத் தாளை எடுத்து முன்னும் பின்னும் படித்தார். பெருமூச்சு விட்டார். வினாத்தாளை நீட்டினார்.

பெரிய கேள்வியே கேலி-ஹாமில்டன். ஹெல்மெட்டுக்குள் வேர்த்து ஒழுக, பேனாவைக் கீழே வைக்காமல் எழுதினேன். சாயங்காலம் அப்பாதான் ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை நெம்பி என் தலையை மீட்டார். மறுநாள் அவரே போய் ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் ஒப்படைத்தார். விடைத்தாள் வந்தபோது ஐம்பதுக்கு நாற்பத்தாறு. வகுப்பிலேயே அதுதான் அதிகம்.

இந்த வருடம் தம்பி அதே கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். மிட்டெர்ம் விதிமுறைத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கடைசியில் ஒரு விதி: தேர்வறைக்குள் தொழிற்சாலைத் தலைக்கவசம் அணிந்து வர அனுமதி இல்லை.

அப்பா அதற்கு லேமினேஷன் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறார்.

"ஊர்ல அவனவன் பசங்க மார்க்குதான் வாங்குவாங்க. எம் பொண்ணு, காலேஜ்ல புதுசா சட்டமே போட வெச்சா!"