தோசைத் திருப்பி சிந்திய ரத்தம்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலை வழியாகக் காவிரிக்குக் குளிக்கப் போனவர்கள் அந்த வாரம் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள். பாவத்தை என்றைக்கு வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளலாம். கத்தி தீர்ந்துபோனால் என்ன செய்வது?

சாலையோரக் கல்யாண மண்டபத்தின் வாசலில், மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பேனர். 'நேபாள மகான் ஸ்ரீலஸ்ரீ குக்ரியானந்தா! கத்தியை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், கத்தி உங்களைத் தேர்ந்தெடுக்கும்! காட்டிலும் காவல், வீட்டிலும் காவல்! ஆயுத பூஜை வரை மட்டும்!' பின்னணியில் இமயமலை. அதன் மேல் ஒரு புலி, குருஜியைப் பார்த்துக் கும்பிடாத குறையாக உட்கார்ந்திருந்தது.

குக்ரி என்பது நேபாளத்து வளைந்த கத்தி. அந்த நாட்டுக்காரர்கள் அதை வைத்து விறகு பிளக்கிறார்கள், புதர் வெட்டுகிறார்கள், கறி நறுக்குகிறார்கள். பாவம், அதன் மகிமை அவர்களுக்குத் தெரியவில்லை. மகிமை தெரிந்தவர்கள் எல்லாம் திருச்சியில் இருக்கிறார்கள்.

காட்டில் தனியாகப் பிழைப்பது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்க்காத ஆள் இன்று யார்? ஏசி அறையில், போர்வைக்குள் சுருண்டுகொண்டு, கரடி வந்தால் எந்தப் பக்கம் வெட்டுவது என்று யோசிக்கிறார்கள். இவர்கள் வாழ்நாளில் மாட்டிக்கொண்ட பெரிய காடு, தீபாவளிக்கு முதல் நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு. அதிலிருந்து உயிரோடு வந்தவர்களுக்குக் கத்தி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நாத்திகன் என்பார்கள்.

திருவானைக்காவலில் செல்போன் கடை வைத்திருக்கும் தமிழ்மணியும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஆயுத பூஜை விடுமுறைக்கு அவரும் மூன்று நண்பர்களும் வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு வேனில் போவதாக ஏற்பாடு. எஸ்டேட்டுக்குப் பின்னால் காடு. காட்டில் யானை. இதுவரை சரி. நண்பர்கள் எஸ்டேட் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். தமிழ்மணி மட்டும் காட்டுக்குள் தனியாகப் படுப்பார். ஏனென்றால், கத்தி தேர்ந்தெடுத்த ஆள் முதல் இரவைக் காட்டில்தான் கழிக்க வேண்டுமாம். டார்ச் கூடாது, நெருப்பு கூடாது, துணை கூடாது. வேறு காவல் இருந்தால் கத்தி கோபித்துக்கொள்ளுமாம்.

அவர் மனைவி விஜயராணி ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். மனிதன் எதையெல்லாம் நம்பிச் சாகிறான் என்பது அவருக்குத் தொழில்முறையில் தெரியும்.

"ஏங்க, யானை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கத்தியைத் தூக்கிக் காட்டுனா போதும், மண்டி போட்டுடும்னு குருஜி சொன்னாரு."

"அதை யானைகிட்ட யாரு சொன்னாங்க?"

"உனக்கு எல்லாமே கிண்டல்தான் ராணி. எலுமிச்சம்பழத்துல ரத்தம் வந்துச்சு! நேத்து இன்னொருத்தர் வெட்டினப்போ என் கண்ணால பார்த்தேன்."

"நான் ஊருக்கெல்லாம் பாலிசி போட்டுக் குடுக்கறேன். அந்தப் பணத்தை வாங்கிட்டு வந்து அழுவுறவங்களையும் பார்த்திருக்கேன். எனக்கு அந்தப் பணம் வேணாம், நீங்க வேணும்" என்றார் விஜயராணி. தமிழ்மணி கொசுவர்த்தி ஏற்றப் போனார். யானைக்குக் கத்தி போதும், கொசுவுக்குப் போதாது.

விஜயராணிக்கு அந்த வாரம் இன்னொரு எரிச்சலும் இருந்தது. வாசல் செம்பருத்தி தினமும் மொட்டையாகிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, அடுத்த வீட்டு வேலிப் பூவைப் பறித்துத் தன் வீட்டுச் சாமிக்குப் போடுவது எங்கள் ஊரில் திருட்டாகாது, பக்தி. அதனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் இந்தப் பக்தர், தரையில் உதிர்ந்து சுருண்டு கிடந்த முந்தின நாள் பூவையும் பொறுக்கிக்கொண்டு போனார். மாடியிலிருந்து விஜயராணி பார்த்தார். காதுக்கு மேல் ஏறிய மங்கி குல்லா, மஞ்சள் பை, வலது காதில் கடுக்கன். உதிர்ந்த பூவை எந்தச் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் தமிழ்மணியோடு மண்டபத்துக்குப் போனபோது புரிந்தது.

மணமேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் குக்ரியானந்தா. தாடி, கம்பளி, நெற்றி நிறையக் குங்குமம். அவருக்கு நேபாளி தவிர வேறு மொழி தெரியாதாம். பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பவர் பெயர் ஆண்டி. குருஜி இரண்டு சொல் சொன்னால் ஆண்டி இருபது வாக்கியம் சொன்னார். நேபாளி அவ்வளவு சிக்கனமான மொழி என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஆண்டியின் வலது காதில் கடுக்கன். காலடியில் மஞ்சள் பை.

சடங்கு இதுதான். மேசையில் கத்திகள் வரிசையாக இருக்கும். குருஜி ஒவ்வொன்றையும் துடைத்து, காயும்வரை மந்திரம் சொல்வார். சிலவற்றை வெள்ளைத் துணியால், சிலவற்றைக் கருநீலத் துணியால். வந்தவர் ஒவ்வொரு கத்தியாலும் ஓர் எலுமிச்சம்பழம் வெட்ட வேண்டும். எந்தக் கத்தியில் பழம் ரத்தம் சிந்துகிறதோ, அது அவருடைய கத்தி. காரில் வந்தவரை விலை உயர்ந்த கத்தியே தேர்ந்தெடுத்தது. டவுன் பஸ்ஸில் வந்தவரைக் குட்டிக் கத்தி தேர்ந்தெடுத்தது. ஆள் பார்த்துப் பழகத் தெரிந்த கத்திகள்.

வரிசையில் முன்னால் நின்றவர் அற்புதசாமி. கல்லூரியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர். காலையில் வாக்கிங் போகும்போது நாய் துரத்துகிறதாம்.

"இதெல்லாம் மூடநம்பிக்கை இல்ல சார்" என்று தமிழ்மணியிடம் விளக்கினார். "எல்லாம் வைப்ரேஷன்."

தமிழ்மணியின் முறை வந்தது. கருநீலத் துணியால் துடைத்த பெரிய குக்ரி. பழத்தை வெட்டினார். சிவப்பாக வடிந்தது. கூட்டம் கைதட்டியது.

"சாமி, ஒரு நிமிஷம்" என்றார் விஜயராணி. கைப்பையைத் திறந்து ஒரு தோசைத் திருப்பியை எடுத்தார். பூவையும் ரத்தத்தையும் முடிச்சுப் போட்டது மண்டபத்தில்தான் என்றாலும், எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். ஆளை மிரட்டவாவது உதவும் அல்லவா?

"ஆயுத பூஜை வருது. எங்க வீட்ல இதுதான் ஆயுதம். இதுக்கும் சக்தி ஏத்திக் குடுங்க."

சைக்கிளுக்கும் தையல் மிஷினுக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைக்கிற ஊர். தோசைத் திருப்பி ஆயுதம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? குருஜி வெள்ளைத் துணியை எடுத்தார்.

"அது வேணாங்க. இவரு கத்தியைத் துடைச்சீங்களே, அந்த நீலத் துணி."

குருஜி ஆண்டியைப் பார்த்தார். ஆண்டி விட்டத்தைப் பார்த்தார். "துடைச்சு விடுங்க சாமி, பொம்பளை கேக்குறாங்கல்ல!" என்று கூட்டம் சிபாரிசு செய்தது. பக்தர்கள் சொன்ன பிறகு மகான் என்ன செய்வார்? துடைத்தார். விஜயராணி அதை ஃபேன் காற்றில் காயவைத்து, அரை எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார்.

தோசைத் திருப்பியிலிருந்து ரத்தம் சொட்டியது.

"ஆகா! தோசைத் திருப்பிக்கும் சக்தி வந்துருச்சு!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விஜயராணி தலையில் அடித்துக்கொண்டார். கணவரின் கத்தியை வாங்கி, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, கைக்குட்டையால் நன்றாகத் துடைத்தார். இன்னொரு பழத்தை வெட்டினார். வெறும் எலுமிச்சைச் சாறு வந்தது. சர்பத் போடலாம், அவ்வளவுதான்.

"கத்தியில ஒண்ணும் இல்லைங்க, துணியிலதான் இருக்கு. செம்பருத்திச் சாறு. எங்க வீட்டுச் செடியில இந்த ஆளு பறிச்சது. பையைத் திறந்து பாருங்க. அதுல புளிப்பு பட்டா சிவக்கும். எட்டாங்கிளாஸ்ல எல்லாரும்தானே படிச்சோம்?"

அற்புதசாமி தொண்டையைக் கனைத்தார். "அது சிலபஸ்ல இருந்துச்சும்மா. நானே நடத்தியிருக்கேன். ஆனா இது நேபாளம்..."

பாதிப் பேர் பையை எட்டிப் பார்த்தார்கள், உள்ளே சுருண்ட செம்பருத்தி. மீதிப் பேர், சக்தி பூ வழியாகவும் வரலாமே என்று வாதாடினார்கள். தமிழ்மணி இரண்டு பக்கமும் சேராமல் கத்தியைத் திரும்ப வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் விஜயராணிக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதர் இன்னும் காட்டுக்குப் போவார்.

"சரிங்க, நான்தான் தப்பு" என்றார் சட்டென்று. "கத்திக்குச் சக்தி இருக்குன்னே வெச்சுக்குவோம். குருஜியே இவரு கூட வரட்டும். இவங்க போற வேன்ல ஒரு சீட்டு காலியா இருக்கு. இந்தக் கத்தியோட யானைக் காட்டுல ஒரு ராத்திரி அவரே படுத்துக் காட்டட்டும். டார்ச் கூடாது, துணை கூடாது."

கூட்டத்துக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. முக்கியமாக, நம்பியவர்களுக்கு. "போயிட்டு வாங்க சாமி! யானை மண்டி போடறதை வீடியோ எடுத்துடலாம்!" தீவிர பக்தர்கள் நாலு பேர் மேடையேறி, மாப்பிள்ளை நாற்காலியோடு குருஜியைத் தூக்கினார்கள். கோஷம் போட்டபடி வாசலுக்கு நடந்தார்கள். குருஜி நேபாளியில் ஏதேதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. வாசலில் நின்ற ஒரு பக்தரின் வேன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"அய்யோ, ஆளை விடுங்கடா! யானை மிதிச்சா செத்துப்போயிடுவேன்டா! எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு!"

சுத்தமான திருச்சித் தமிழ்.

பழக்கதோஷத்தில் ஆண்டி ஆரம்பித்துவிட்டார்: "குருஜி என்ன சொல்றாருன்னா..."

நாற்காலி தொப்பென்று கீழே இறங்கியது. அதன் பிறகு குக்ரியானந்தாவைத் தேர்ந்தெடுத்தது போலீஸ் ஜீப். மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் தமிழ்மணியின் கத்தியால் தேங்காயாவது உடைத்துப் பார்க்கலாமே என்று ஓங்கினார். தேங்காய் அப்படியே இருந்தது, பிடி மட்டும் தனியாகக் கழன்று வந்தது. தமிழ்மணி அந்தப் பிடியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். இருட்டுக் காட்டில், யானைக்கு முன்னால், கையில் இது மட்டும் மிஞ்சியிருக்கும்.

"ராணி, அந்தப் பெரிய டார்ச்சை எடுத்து வை" என்றார் திரும்பி வரும்போது. "நாங்க நாலு பேரும் எஸ்டேட் வீட்லயே தங்கிக்கறோம்."

"கதவைச் சாத்திக்கிட்டு?"

"தாழ்ப்பாளும் போட்டுக்கிட்டு."

விஜயராணி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஊர் நம்முடையது. விஜயதசமி முடிந்த இரண்டாம் நாள் விஜயராணி வீட்டு வாசலில் செருப்புச் சத்தம். அற்புதசாமி நின்றார். கையில் பூவும் ஒரு எலுமிச்சம்பழமும்.

"அந்தத் தோசைத் திருப்பியை ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுக்கலாமாம்மா? நாய் இன்னும் துரத்துது."

விஜயராணி அடுப்பிலிருந்து தோசையை எடுத்து ஒரு தட்டில் வைத்து நீட்டினார்.

"சாப்பிடுங்க சார். அந்தத் தோசைத் திருப்பி இதுக்கு மட்டும்தான். ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் பூஜையில வெச்சீங்க, மறுநாள் எல்லாத்தையும் எடுத்து வேலைக்கு விட்டுட்டீங்க. மூளையை மட்டும் ஏன் சார் இன்னும் எடுக்கல?"