கேஜ் ஸயாவும் கன்னத்துத் தனக்காவும்

யாங்கோனில் கேஜ் ஸயாவைப் போல எதையும் நம்பாத மனிதர் பிறந்ததில்லை. ஸயா என்றால் பர்மியில் வாத்தியார். பபேடான் தேநீர்க்கடையில் சமோசாவைக்கூடக் கோப்பை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "பெருசு, உள்ள போவாது" என்று திருப்பிக் கொடுப்பார்.

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில், சுட்ட பித்தளைத் தோட்டாக்கூடுகளுக்கு மறுபடி வெடிமருந்திடுவது அவர் வேலை. ஸ்டோர் என் பொறுப்பு. விதிகள் எனக்கு மனப்பாடம். கேஜ் என்பது உள்ளங்கையில் அடங்கும் எஃகு உருளை. நடுவே, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் வடிவில் துளை. அதில் போட்ட தோட்டாவின் அடி, விளிம்பில் வெட்டிய இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். துருத்தினால் துப்பாக்கி மூடாது. ரொம்ப இறங்கினால் சுடும்போது கூடு கிழியும்.

செயலாளர் ஒருமுறை பளபளவென்று ஒரு கேஜ் வாங்கி வந்தார். ஸயா தொடவே இல்லை.

"இது வேற துப்பாக்கிக்கு வெட்டினது. மினுக்கப் பாத்து வாங்க மோதிரமா இது?"

தேசியக் குழுத் தேர்வு நாள். எங்கள் சங்கத்து வீராங்கனை மா கின்னுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. காலையில் ஸயா மறுபடி சோதித்தார். எல்லாத் தோட்டாவும் துருத்தின. எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்.

"நேத்து சரின்னீங்களே!" என்று செயலாளர் கத்தினார்.

"நேத்து சொன்னது நேத்தோட போச்சு."

மா கின்னுக்கு அழுகை முட்டியது. "நான் எதை வச்சு சுட ஸயா? உங்க தலையையா?"

"அதையும் கேஜ்ல போட்டுப் பாத்துத்தாம்மா தருவேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெயிலுக்கு ஊரே தனக்கா மரப்பட்டையை அரைத்து மெல்லியதாகப் பூசும். இவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அப்பியிருந்தார். குனிந்தபோதெல்லாம் பொடி உதிர்ந்தது. சோதிக்குமுன் கேஜைத் துடைக்க வேண்டும் என்பது முதல் விதி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துளைக்குள் மஞ்சளாக ஒரு வளையம்.

"ஸயா, உங்க கன்னம் உள்ள கெடக்கு."

துடைத்தோம். தோட்டாக்கள் டக், டக்கென்று இறங்கின. நடுவர் மா கின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, மனிதர் ஒன்றுவிடாமல் மறுபடி சோதித்துத்தான் கொடுத்தார். அவள் ஓடிப்போய்ச் சுட்டாள்; தேர்வானாள். ஸயா கேஜையே முறைத்துக்கொண்டிருந்தார். "இதையும் நம்ப முடியல அண்ணே."

அவர் காலமானபின் அந்தக் கேஜ் என்னிடம் வந்தது. துளைக்குள் மறுபடி மெல்லிய மஞ்சள் வளையம். துடைத்து, எண்ணெயிட்டு வைக்க வேண்டும் என்பது விதி.

நான் துடைக்கவில்லை.